டிஸ்க் காணவில்லை

"டீச்சர், டிஸ்க்கை உள்ள வச்சுக்கிட்டே 'டிஸ்க் காணவில்லை'ங்குது இந்தக் கணினி" என்றார் மாசிலாமணி.

பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர்.

அற்புதமணி டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். கணினி வித்தையில் டீச்சர்தான் குரு.

"எங்கேயிருந்து கொண்டாந்தீங்க, அண்ணாச்சி?"

"பழைய சர்வருக்குள்ள மென்பொருளாவே ரெண்டு மெய்நிகர் கணினி ஓடுச்சு. புது சர்வருக்கு மாத்தினேன். இது வேற கம்பெனி மென்பொருள். ரெண்டும் எழுந்திரிக்க மாட்டேன்னுட்டு."

"பழைய சர்வர்?"

"உள்ளதையெல்லாம் துடைச்சுத் திருப்பிக் கொடுத்தாச்சு."

"அதுக்குள்ள என்ன அவசரம், ரயிலுக்கு நேரமாயிட்டோ?"

டீச்சர் திரையைப் பார்த்தார்.

"ரெண்டுலயும் என்ன இருக்கு?"

"இதுல சரித்திரப் பாடம். மத்ததுல பாக்கியநாதன் சார் வாசிச்ச அறிவியல் பாடம்."

பாக்கியநாதன் சார் போன மாசியில் காலமாகிவிட்டார். பிள்ளைகளுக்கு அவர் குரல் மட்டும் மிச்சம்.

"அதையும் திறங்க. பாப்போம்."

"அது இல்ல டீச்சர். செத்துட்டுன்னு நெனச்சேன். நேத்து அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுட்டேன்."

"நகல்?"

"அதுக்குள்ளேயேதான் வச்சிருந்தேன்."

"நல்லா வச்சீங்க!"

சொன்ன டீச்சர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

புது சர்வர் டிஸ்க்கைப் புது வகையில் இணைத்திருந்தது. டீச்சர் அமைப்புத் திரையில் அதைக் கழற்றி, பழைய வகையில் இணைத்தார். மெய்நிகர் கணினியை இயக்கினார்.

திரை மெல்ல வெளுத்தது. ஆமை வேகத்தில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"வந்துட்டு! போதும் டீச்சர், இதுவே போதும்!"

"நொண்டுதே, பாக்கலயா? பொறுங்க."

ஒரு சின்ன வெற்று டிஸ்க்கை உருவாக்கி, அதைப் புது வகையில் பக்கத்தில் இணைத்தார்.

"வெறும் டிஸ்க் எதுக்கு?"

"பழகட்டும்."

கணினி புதிதாக வந்ததைக் கவனித்தது. அந்தப் புது வகையைப் புரியவைக்கும் டிரைவர் மென்பொருளை டீச்சர் நிறுவினார். பிறகு கணினியை நிறுத்தி, வெற்று டிஸ்க்கை எடுத்துவிட்டு, பெரிய டிஸ்க்கைப் புது வகையில் மாட்டினார்.

இம்முறை அது சட்டென்று எழுந்தது.

சரித்திரப் பாடம் பேசத் தொடங்கியது. மாசிலாமணி நின்றபடியே கேட்டார். முதல் பாடம் முடிந்து இரண்டாவது தொடங்கியது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"பாக்கியநாதன் சார் பாடமும்... இதே மாதிரி எழுந்திருச்சிருக்குமோ?"

டீச்சர் ஒலியை நிறுத்தினார். அவர் முகத்தில் கேலி இல்லை.

"பாத்துச் சொல்றேன்" என்று கையை நீட்டினார். "அழிச்சீங்களே, அந்த டிஸ்க்கைக் கொடுங்க, அண்ணாச்சி."