தின்னப் பழம்

கப்பல் வந்தால் ஊரே கரைக்கு ஓடிய காலம் ஒன்று இருந்தது, கேளுங்கள். அந்தக் காலத்தில் நெய்தலூர் ராசாவின் தோட்டத்துக்குக் கூத்தன் காவல். இலையைக் கசக்கி மோந்தே மரத்தின் பெயரைச் சொல்லிவிடுவான். மகிழ்ந்துபோன ராசா அவனுக்கு 'மரமறிந்தார்' என்று பட்டம் கட்டினார். அன்று பிடித்தது சனி. அதற்குப் பிறகு 'தெரியாது' என்ற சொல் அவன் வாயில் வரவே இல்லை.

தோட்டத்தின் நடுவில் ஒரு மரம் நின்றது. தீவு வணிகன் ஒருவன் அழகுக்கென்று கன்றாகத் தந்தது. கூடவே ஓர் ஓலையும் எழுதித் தந்திருந்தான். பத்து வருடம் சும்மா நின்ற மரம், அந்தக் கோடையில் கொத்துக் கொத்தாகச் சிவந்து பழுத்தது.

அப்போது கூத்தனின் ஒரே மகள் உமையாள் தலைப்பிரசவத்துக்கு அப்பன் வீடு வந்திருந்தாள். தாயில்லாப் பெண். ஏழாம் மாதம். வாய் புளிப்புக் கேட்டது, கண்ணோ அந்தப் பழத்தை விட்டு நகரவில்லை.

"தின்னலாமாப்பா?" என்று முதல் நாள் கேட்டாள். இன்னும் கனியட்டும் என்றான். இரண்டாம் நாள் கேட்டாள். வேலை இருக்கிறது என்றான். கிளி அதைக் கொத்தவில்லை, அணில் கடிக்கவில்லை, எறும்புகூட மொய்க்கவில்லை. எல்லாவற்றையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வணிகனின் கப்பல் நாலு நாளில் வருகிறது, கேட்டுவிடலாமே என்றான் தண்ணீர் இறைக்கும் பொன்னன். மரமறிந்தார் போய் மரத்தைப் பற்றிக் கேட்பதா? கூத்தனுக்கு அது மானம் போகிற காரியமாகப் பட்டது.

மூன்றாம் நாளும் அவள் கேட்டாள். பிள்ளைத்தாய்ச்சியின் ஆசையைத் தீர்க்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். கூத்தன் ஓலையைத் தேடி எடுத்தான். செல்லரித்துக் கிடந்தது. 'தின்னப் பழம்' என்று படித்தான். 'ன'வை ஒட்டிச் சின்னதாக ஓர் ஓட்டை. அதை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு தன் கையாலேயே பழத்தைப் பறித்துக் கொடுத்தான், பாவி.

பொழுது சாய்வதற்குள் அவளுக்கு வயிறு முறுக்கியது. மருத்துவச்சி இரண்டு நாள் போராடித் தாயைக் காப்பாற்றினாள். பிள்ளை தங்கவில்லை.

மறுநாள் கப்பல் வந்தது. வணிகன் ஓலையை வாங்கிப் பார்த்துப் பதறிப்போனான்.

"தின்னாப் பழம்னுதானே எழுதினேன். துணைக்காலைச் செல்லு அரிச்சிருக்கே, ஐயா."

கூத்தன் மகளின் பாயருகே உட்கார்ந்தான். ஓலைமேல் பழி போடத்தான் வந்தான், அவள் முகத்தைப் பார்த்ததும் ஓலையைக் கீழே வைத்துவிட்டான். ஓட்டையைப் பார்த்ததையும், கப்பலுக்குக் காத்திருக்காததையும் சொல்லி அழுதான். அவள் கோபப்படவில்லை. அவனுக்கு அதுதான் தாங்கவில்லை.

"தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, புளியங்காயைக் கடிச்சுட்டு இருந்திருப்பேனேப்பா" என்றாள்.

பெரியவர்களே, பிள்ளைகளே, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவன், தன்னை நம்பி வந்தவர்களுக்கே நஞ்சை ஊட்டுகிறான்.