ஊசித்தட்டான் துணையை விடாமல் பிடித்திருப்பது ஏன்?

பூச்சிகளெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பொதிகை மலையடிவாரத்து ஓடை ஒன்றில் பூவாயி என்ற ஊசித்தட்டானும் அவள் கணவன் நீலமணியும் வாழ்ந்தார்கள். கரை நெடுகக் கோரை அடர்ந்திருந்தது.

அந்நாளில் ஊசித்தட்டான்கள் கோரையின் நுனியில்தான் முட்டையிடும். பூவாயி முதல்முறை இட்டதை எறும்புகள் தின்றுவிட்டன. அடுத்தமுறை இட்டது சித்திரை வெயிலில் காய்ந்து உதிர்ந்தது. மூன்றாம்முறை வயிறு கனத்தபோது அவள் நுனிப்பக்கம் போகவே இல்லை.

"தண்ணிக்குள்ள இறங்கி, தண்டுக்குள்ள வைக்கப்போறேன். அங்கே எறும்பும் வராது, வெயிலும் வராது" என்றாள்.

நீலமணி பதறிப்போனான். "போன மாசம் உன் தங்கச்சி தண்ணியில விழுந்தாளே, எழுந்து வந்தாளா? சிறகு தண்ணியில ஒட்டினா பிய்க்க முடியாது, பூவாயி."

"இன்னொரு தடவை வெறும் கோரையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க என்னால முடியாதுங்க."

பூவாயி தண்டைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். நீர் அவளை மூடியது. தண்டைக் கீறி ஒவ்வொரு முட்டையாக உள்ளே வைத்தாள். மூச்சு முட்டியதும் மேலே வந்தாள். தலை வெளியே வந்துவிட்டது. சிறகுகள் நீரில் ஒட்டிக்கொண்டன. உதறினாள், அசையவில்லை. அடியிலிருந்து ஒரு கெண்டை மெல்ல மேலேறியது.

நீலமணி பாய்ந்து வந்து கால்களால் இழுத்தான். ஈரத்தில் வழுக்கியது. சட்டென்று உடலை வளைத்து, வால்நுனியால் அவள் கழுத்தை இறுகக் கவ்வினான்.

"வலிக்குதா?"

"வலிச்சா வலிக்கட்டும், இழுங்க!"

உள்ள பலத்தையெல்லாம் சேர்த்துச் சிறகடித்தான். கெண்டை வாய் திறந்தபோது அங்கே வெறும் நீர்தான் இருந்தது.

கோரையில் அமர்ந்து இருவரும் நெடுநேரம் மூச்சு வாங்கினார்கள்.

"பாதி முட்டைதான் வச்சிருக்கேன். திரும்ப இறங்கணும். கழுத்தை விடுங்க" என்றாள் பூவாயி.

"விடமாட்டேன். நீ இறங்கு, நானும் கூட வர்றேன்."

சில நாள் கழித்து அந்தத் தண்டிலிருந்து பொடிப்பொடியாகக் குஞ்சுகள் வெளிவந்து நீருக்குள் நீந்தின. பூவாயி எண்ணத் தொடங்கி, எண்ணி முடிக்க முடியாமல் சிரித்தாள்.

அன்றிலிருந்துதான், முட்டையிடப் போகும் ஊசித்தட்டானின் கழுத்தைத் துணை தன் வாலால் பற்றிக்கொண்டு, ஓடையெங்கும் கூடவே பறக்கிறது.