பானைக்குள் புதைத்த பலாச்சக்கை

குளக்கரைப் பலாமரத்தடியில் வாய் உடைந்த பானை ஒன்று கிடந்தது. அதில் செம்பன் என்ற மண்புழு தன் கூட்டத்தோடு குடியிருந்தது. மரத்து அணிலான வரியன், தான் தின்று மீந்ததை அந்தப் பானைக்குள் போடும். புழுக்கள் அதைத் தின்று உரமாக்கும். அந்த உரத்தில்தான் வரியனின் கொய்யாக் கன்று தழைத்தது.

பலாப் பருவம் வந்தது. வரியன் சக்கையை வாரி வாரிப் போட்டது.

“செம்பா, அதிகமா இருந்தா சொல்லுப்பா!”

“எங்களுக்கா? இன்னும் ரெண்டு பழம் போட்டுப் பாரு!”

வாய் சொன்னதே தவிர, வயிறு கேட்கவில்லை. பாதிச் சக்கை அப்படியே மீந்தது. அணில் பார்த்தால் என்ன நினைக்கும்? செம்பன் கூட்டத்தை ஏவி, மண்ணைத் தள்ளி, மீந்ததை எல்லாம் மூடி மறைத்தது.

மறுநாள் வரியன் எட்டிப் பார்த்தது. “அடேயப்பா! எல்லாம் காலியா?”

“காலி!” என்றது செம்பன்.

அணில் இன்னும் அதிகமாகப் போட்டது.

மூடிய சக்கை உள்ளே புளித்தது. பானை நசநசவென்று ஈரமானது. ஒரு நாள் காலையில் பார்த்தால், பானைச் சுவரெங்கும் பழுப்புத் தூளைத் தூவியதுபோல் அழுகலைத் தின்னும் குட்டி உண்ணிகள்!

“திருட்டுப் பசங்களா! யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?” என்று செம்பன் சீறியது.

ஓர் உண்ணி சிரித்தது. “கோவிச்சுக்காதீங்க மாமா! ஈரமும் புளிப்பும் இருக்கிற இடத்துலதான் எங்களுக்குப் பந்தி. நீங்க புதைச்சு வச்ச விருந்துக்குத்தான் வந்திருக்கோம்!”

செம்பன் அவசரமாக இன்னும் கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடியது.

தம்பி தும்பன் நெளிந்து வந்தது. “அண்ணே, மூச்சு முட்டுது. முட்டை கிடக்கிற மண்ணும் புளிச்சுப் போச்சு. அணில்கிட்டச் சொல்லிடலாம்.”

“இவ்வளவு பேசிட்டு இப்ப எப்படிடா சொல்றது? கொஞ்சம் பொறு!”

தும்பனால் பொறுக்க முடியவில்லை. காற்றுக்காகப் பானை விளிம்பில் ஏறியது. அங்கே காத்திருந்த மைனா ஒரே கொத்தாகக் கொத்திக்கொண்டு பறந்தது.

சத்தம் கேட்டு வரியன் ஓடி வந்தது. “என்னாச்சு செம்பா?”

புழுவுக்குக் கண் கிடையாது. ஆனாலும் செம்பன் அணிலின் முகத்துக்கு நேரே தலையைத் தூக்க முடியாமல் மண்ணுக்குள் புதைத்துக்கொண்டது. அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னது.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே!” என்றது வரியன்.

அதன் பிறகு அது திட்டவில்லை. திட்டியிருந்தால் செம்பனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வரியன் புளித்த சக்கையைத் தோண்டி எறிந்தது. காய்ந்த சருகை நிறையப் போட்டுக் கிளறியது. மேலே ஒரு மாம்பழத் தோலை வைத்தது. உண்ணிகள் அதில் மொய்த்ததும் தோலோடு தூக்கிக் குளத்தில் போட்டது. மீண்டும் ஒரு தோல், மீண்டும் குளம். மண் உலர உலர உண்ணிகள் குறைந்தன. முட்டைகள் பொரிந்தன.

ஒரு நாள் வரியன் ஒரே ஒரு சுளைத் துண்டோடு வந்தது. “இன்னொண்ணு வேணுமா?”

“போதும்” என்றது செம்பன்.

அவ்வளவு சின்ன வார்த்தை. தும்பன் வழக்கமாகப் படுக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு, செம்பன் மண்ணுக்குள் இறங்கியது.

போதும் என்று சொல்ல வெட்கப்படுகிறவன், அதைவிடப் பெரிய வெட்கத்தை வாழ்நாளெல்லாம் சுமக்க நேரும்.