அறுபத்து நாலு பட்டங்களும் ஒரு பலாப்பழமும்

மருதங்காட்டு மன்னர் வச்சிரபாகுவுக்குப் பட்டங்கள் அறுபத்து நாலு. ‘பத்து ஆறுகள் பாயும் நாட்டின் பதி’ என்பது அவற்றில் பதினோராவது. அந்த நாட்டில் பாய்ந்தது ஒரே ஒரு வாய்க்கால். அதுவும் பாதி வருஷம் வறண்டு கிடக்கும். இருந்தாலும் யாராவது பட்டங்களை வாசித்தால் மன்னர் கண்ணை மூடிக்கொண்டு சொக்கிப்போவார். உடம்பெல்லாம் புல்லரிக்கும். அந்த நேரத்தில் குறுக்கே பேசினால் சவுக்கடி.

அந்த வருஷம் அரண்மனைத் தோப்பில் பலா காய்த்துத் தள்ளியது. மன்னருக்கு வியாபார ஆசை வந்துவிட்டது. கோட்டை வாசலில் கடை போட்டார். ஊருக்குச் சேதி சொல்லும் பொறுப்பை அமைச்சர் அகோரலிங்கத்திடம் விட்டார்.

அமைச்சர் வீட்டுக்கு வீடு ஓலை அனுப்பினார். ஓலையில் முதலில் அறுபத்து நாலு பட்டங்கள். கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததால் பலாப்பழம். அரச முத்திரை ஓலை வந்தால் வீட்டார் எழுந்து நின்று, கைகட்டி, முழுவதும் வாசிக்கக் கேட்க வேண்டும் என்பது விதி. இப்படி ஒரு நாளைக்கு நாலு தடவை. நேற்றே பழம் வாங்கியவர் வீட்டுக்கும் ஓலை போனது. பத்தியம் இருந்தவர் வீட்டுக்கும் போனது. இழவு வீட்டையும் விடவில்லை.

மூன்றாம் நாள், தெருமுனையில் ஓலைக்காரர் தலை தெரிந்ததுமே கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். கடையில் பழங்கள் கிடந்து வெடிக்கத் தொடங்கின.

“ஓலை அருமையான ஓலை, மன்னா. கொண்டுபோகிறவர்கள்தாம் சோம்பேறிகள்” என்றார் அகோரலிங்கம்.

மன்னர் யோசிக்கவில்லை. நாளை சாயங்காலத்துக்குள் பழங்கள் விற்காவிட்டால் ஓலைக்காரர் நாற்பது பேருக்கும் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்.

ஓலைக்காரர்களின் தலைவர் சாத்தப்பன், சபையில் சமயோசிதத்துக்குப் பேர்போன மயிலேறியிடம் ஓடினார்.

“ஐயா, கால் தேய ஓடுறோம். கதவத் தொறந்தாத்தானே சொல்ல? மேலத்தெருவுல ஒரு அம்மா அடுப்புல சோத்த வச்சுட்டு வந்து நின்னுச்சு. முப்பதாவது பட்டத்துல சோறு கருகிப்போச்சு. மறுநாள் போனா அகப்பைய வீசுது. நாப்பது குடும்பம்யா. நீங்கதான் ஏதாவது பண்ணணும்.”

மயிலேறிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நேரே சபைக்குப் போனார்.

“மன்னா, பட்டங்களை எடுத்துவிட்டு ஓலையைக் கொஞ்சம் சுருக்கலாமா?”

“என் பட்டத்திலேயே கை வைக்கிறாயா?” மன்னர் முகம் சிவந்தது. “எந்தச் சேதியானாலும், யாருக்குச் சொன்னாலும், முதலில் அறுபத்து நாலு பட்டம். அப்புறம்தான் விஷயம். ஒன்று குறைந்தாலும் உன் தலை இருக்காது. இந்த விதிப்படியே நாளை பழத்தை விற்றுக் காட்டு!”

“எனக்கும் இதே விதிதானா?”

“உனக்குத்தான் முதலில்!”

அகோரலிங்கம் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை மயிலேறி, தோப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ஒரு பலாப்பழத்தைத் தூக்கிவந்து சிம்மாசனத்தின் காலடியில் வைத்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

“திக்கெட்டும் கொடி நாட்டியவர், தீரருள் தீரர், பகைவர் கனவிலும் படையெடுப்பவர்…”

மன்னர் கண்ணை மூடிக்கொண்டார்.

பழத்தின் அடியிலிருந்து செவ்வெறும்புகள் கிளம்பின. ‘பத்து ஆறுகள்’ வந்தபோது அவை மன்னரின் பாதத்தில் இருந்தன. இருபதாவது பட்டத்தில் பட்டு வேட்டிக்குள் புகுந்தன. மன்னருக்குக் காலெல்லாம் கூசியது. வழக்கமான புல்லரிப்புத்தான் என்று இருந்துவிட்டார். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவரும் மூச்சுவிடவில்லை. அகோரலிங்கம் வாயைத் திறந்தார், சவுக்குக்காரரைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

முப்பத்தெட்டாவது பட்டம் ‘அஞ்சா நெஞ்சர்’. அப்போதுதான் முதல் எறும்பு கடித்தது.

“ஐயோ, அம்மா!” மன்னர் துள்ளிச் சிம்மாசனத்தின்மேல் ஏறி நின்றார். “எறும்பு! பார்த்துக்கொண்டே நிற்கிறாயே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“அதைச் சொல்லத்தானே வந்தேன், மன்னா. சேதி தயாராக இருக்கிறது. நடுவில் இன்னும் இருபத்தாறு பட்டங்கள்தாம் பாக்கி. தொடரட்டுமா?”

“வேண்டாம்! முதலில் தட்டிவிடு!”

தட்டிவிட்டு, எண்ணெய் தடவி ஆனபிறகும் மன்னர் கெண்டைக்காலைச் சொறிந்தபடி இருந்தார். மேலத்தெருவில் சோறு கருகிய கதையை மயிலேறி மெதுவாக எடுத்துச் சொன்னார்.

“சரி, போ. உன் இஷ்டப்படி எழுது” என்றார் மன்னர்.

மயிலேறி எழுதிய ஓலை இவ்வளவுதான்: ‘பலா பழுத்தது. இன்று கோட்டை வாசலில்.’ அதை ஒரே ஒரு தடவை அனுப்பினார். அதுவும் சமையல் முடிந்து, இலை போடுவதற்கு முன்பு. ஓலை வேண்டாதவர்கள் வாசலில் ஒரு வைக்கோல் பிரியைக் கட்டிவிடலாம், அங்கே ஓலைக்காரர் எட்டியும் பார்க்கமாட்டார் என்று காலையிலேயே ஊரெல்லாம் சொல்லிவைத்தார். பத்துப் பதினைந்து வீட்டில் கட்டினார்கள். மற்ற கதவுகள் திறந்தன. அகப்பை வீசிய அம்மாவே வந்து இரண்டு பழம் எடுத்துப்போனார்.

சாயங்காலத்துக்கு முன்பே கடையில் காம்புகூட மிஞ்சவில்லை. நாற்பது பேர் வேலையும் தப்பியது. சாத்தப்பன் சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி மயிலேறிக்குப் போட்டார். பிறகு லேசாகக் கேட்டார்: “ஆமாம், என் பட்டங்கள் என்ன ஆயின?”

“கடை வாசலில் பெரிதாக எழுதி மாட்டியிருந்தேன், மன்னா. வரிசையில் நிற்பவர்கள் படிக்கட்டும் என்று.”

“படித்தார்களா?”

“வரிசை வேகமாக நகர்ந்துவிட்டது. ஐந்தாவது பட்டத்துக்கு மேல் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.”

மன்னருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அகோரலிங்கத்துக்குத்தான் பொறுக்கவில்லை. எழுந்து தொண்டையைச் செருமினார்.

“திக்கெட்டும் கொடி நாட்டியவர், தீரருள் தீரர்…”

மன்னரின் கை தானாகக் கெண்டைக்காலுக்குப் போனது.

“யாரங்கே! சபை வாசலில் ஒரு வைக்கோல் பிரியைக் கட்டுங்கள்!”