கொடி சுற்றிய கொம்பு

ஒரு காட்டில் இரண்டு கடமான்கள் இருந்தன, குழந்தைகளே. பெரியவன் பெயர் பெருங்கிளை. சின்னவன் பெயர் கறுவன். பெருங்கிளை மேய்வான், தண்ணீர் குடிப்பான், படுத்து அசைபோடுவான். கறுவனுக்கு அதற்கெல்லாம் நேரமே கிடைக்காது. பெருங்கிளை மேய்வதையும் குடிப்பதையும் பார்த்துப் பார்த்தே அவன் பொழுது கழிந்துவிடும்.

பெருங்கிளையின் கொம்புகள் அப்படி. இலை உதிர்ந்த மரம் ஒன்று தலையில் முளைத்த மாதிரி விரிந்து நிற்கும். அவன் உப்பு நக்கப் பாறைக்கு வந்தால் பெண்மான்கள் ஒதுங்கி வழிவிடும். கறுவன் வந்தால், "கொஞ்சம் தள்ளி நில்லப்பா" என்று சொல்லும்.

"உப்பு எல்லாருக்கும் பொதுதானே?" என்பான் கறுவன்.

"பொதுதான். அண்ணன் முதலில் நக்கட்டும்."

அதற்குப் பிறகு பாறையில் எவ்வளவு உப்பு மிச்சமிருந்தாலும் கறுவன் வாயில் அது மண்ணாகத்தான் கரைந்தது.

இணை தேடும் பருவத்தில் ஆண் கடமான்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புல்லையும் கொடியையும் கொம்பால் முட்டி உழப்பி, சிக்கியதை அப்படியே தலையில் சுமந்து திரியும். கொம்பு பெரிதாகத் தெரியுமே! கறுவன் பருவம் தவறாமல் அதைச் செய்தான். பெண்மான்கள், "புதர் ஒன்று நடந்து வருதுடி" என்று சிரித்தன.

அந்தக் காட்டின் ஓரத்தில் ஒரு விடுதி. அதன் கூரையில் ஒரு மந்தி குடியிருந்தது. ஒட்டுக் கேட்பதுதான் அதன் வேலை. கேட்டதை யாரிடமாவது சொல்லாவிட்டால் அதற்குச் சாப்பாடு இறங்காது. ஒருநாள் காலையில் அது மூச்சு வாங்க ஓடி வந்தது.

"கறுவா, சேதி தெரியுமா? கடல் தாண்டி ஒரு வேட்டைக்காரர் வந்திருக்கிறார். பெருங்கிளையின் தலைதான் வேண்டுமாம்!"

கறுவனுக்குக் காது இரண்டும் நிமிர்ந்தன. "உண்மையாகவா அக்கா? சுட்டுவிடுவாரா?"

"சுட்டு, கப்பலில் ஏற்றி, அவர் மாளிகைச் சுவரில் மாட்டுவாராம். கண்ணுக்குக் கண்ணாடிக் குண்டு வைப்பார்களாம். விருந்துக்கு வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பார்களாம்."

நிமிர்ந்த காதுகள் மெல்லத் தொங்கின.

"அங்கேயும் அவனைத்தான் பார்ப்பார்களா?" என்றான் கறுவன்.

"வேறு யாரை? உன்னையா?" மந்தி இளித்தது. "உன்னை யாரும் தொட முடியாதப்பா. சட்டம் இருக்கிறது. துப்பாக்கிக் குழலைவிடக் குட்டையான கொம்பைச் சுடக் கூடாது. சுட்டாலும் துறைமுகத்தில் அளந்து பார்த்துப் பிடுங்கிக்கொள்வார்கள். சின்னதுகள் பிழைத்து இனம் பெருகட்டும் என்று எல்லா நாட்டுக்காரர்களும் கூடிப் போட்ட சட்டம். நீ நிம்மதியாகத் தூங்கு."

"சின்னது என்று சட்டத்திலேயே போட்டுவிட்டார்களா?"

"அடப் பைத்தியமே, அதனால்தானே நீ உயிரோடு இருக்கப் போகிறாய்!"

கறுவன் காதில் அது ஏறவில்லை. எதிரி சாகப் போகிறான் என்ற சந்தோஷம் ஒரு வாய்ப் புல் மெல்லும் நேரம்கூட நிற்கவில்லை. ஒருவர் கடல் தாண்டி வருகிறார், அதுவும் அவனைத் தேடியா? சாவில்கூட அவனுக்குத்தான் முதல் மரியாதையா? நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

நேராக ஓடைக்கரைக்குப் போனான். அங்கே நீளமான கொடிகள் அடர்ந்து கிடந்தன. கழுத்து நோக நோக முட்டினான், உழப்பினான். கொடி இரண்டு கொம்பிலும் சுற்றி, அதற்கு மேலும் எழும்பி நின்றது. தண்ணீரில் எட்டிப் பார்த்தான். பெருங்கிளையே தோற்றான்!

அப்போது தூரத்து மரத்திலிருந்து மந்தி கத்தியது. ஆள் வந்துவிட்டால் அது போடும் கூச்சல் காடு முழுவதற்கும் தெரியும். பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த பெருங்கிளை சட்டென்று முட்புதருக்குள் பதுங்கினான். ஓடைக்கரைப் பாறை மேல் ஏறிக்கொண்டிருந்த கறுவனைப் பார்த்தான்.

"டேய் தம்பி! இறங்கி உள்ளே வாடா!"

"ஏன் அண்ணே, பயமா? என்னை முதலில் பார்த்துவிடுவார்கள் என்று வயிறு எரிகிறதா?"

"விளையாடுகிற நேரமாடா இது? தலையைத் தாழ்த்தடா!"

கறுவன் தலையை இன்னும் உயர்த்தினான்.

ஓடைக்கு அக்கரையில் வேட்டைக்காரர் துப்பாக்கியைத் தூக்கினார். கூட வந்த வனக்காவலர் கையைக் குறுக்கே நீட்டினார். "பொறுங்கள் ஐயா. கொம்பு சரியாகத் தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்ப்போம்."

"கிட்டே போனால் ஓடிவிடும். எவ்வளவு பெரிது பார்! அதுவேதான்!"

வெடிச் சத்தத்தில் பறவைகள் எல்லாம் எழும்பின.

இருவரும் பாறைக்கு ஏறி வந்தார்கள். காவலர் குனிந்து கொடியை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்கக் கொம்பு சுருங்கிக்கொண்டே போனது. துப்பாக்கியை வாங்கிக் கொம்புக்குப் பக்கத்தில் வைத்தார். குழலில் பாதிதான் வந்தது.

"இது கப்பல் ஏறாது ஐயா."

"சரி, போகட்டும். பெரியதைத் தேடுவோம்."

"ஒரு ஆளுக்கு ஒரு தலைதான் அனுமதி. அது முடிந்துவிட்டது. சின்னதைச் சுட்டதற்கு நீங்கள் மேலதிகாரியிடம் வேறு பதில் சொல்ல வேண்டும்."

வேட்டைக்காரர் காலால் கொடியை ஒதுக்கினார். "சே! இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று சொல்லிவிட்டு இறங்கினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காலடிச் சத்தம் ஓய்ந்ததும் பெருங்கிளை புதரைவிட்டு வெளியே வந்தான். பாறையில் கிடந்தவனை முகர்ந்து பார்த்தான்.

"உன்னை விட்டுவிடுவார்கள் என்றுதானேடா மந்தி சொன்னது" என்றான்.



நீதி: அடுத்தவனுக்கு வருவதெல்லாம் தனக்கும் வேண்டும் என்பவன், அவனுக்கு வந்த குண்டையும் கேட்டு வாங்கிக்கொள்கிறான்.