பச்சைத் துண்டு போட்ட இடம்

ஒரு ஊர்ல ஒரு வேன் இருந்துச்சு. இல்ல இல்ல, ரெண்டு வேன். ஒண்ணு அண்ணன்காரனோடது, ஒண்ணு தம்பிகாரனோடது. அண்ணன் பொண்டாட்டி பேரு சொர்ணம், தம்பி பொண்டாட்டி பேரு கோமளா. 'ம்' சொல்லு, அப்பத்தான் வண்டி நகரும்.

ஆங். கோடை லீவு விட்டா ரெண்டு குடும்பமும் சட்டி பானையை ஏத்திக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போய் மூணு நாள் தங்கிட்டு வரும். அந்த வருஷம் போய் இறங்கினதும் சொர்ணத்தோட வீட்டுக்காரரு வேன் பக்கவாட்டுல சுருட்டி வச்சிருந்த ஒரு படுதாவைப் புடிச்சு இழுத்தாரு. சர்ர்ர்ருன்னு விரிஞ்சுது! ரெண்டு இரும்புக் கால் ஊனினாரு. அவ்வளவுதான், வேனுக்குப் பக்கத்துல இன்னொரு வீடு.

"இந்த ஒரு கால் மட்டும் தாழ்வாவே இருக்கட்டும். இல்லேன்னா மழைத் தண்ணி நடுவுல தேங்கி, படுதாவே கீழ வந்துரும்"னாரு.

அப்புறம் என்ன, மாமியார் அங்க போய்க் காலை நீட்டிட்டாங்க. அடுப்பு அங்க, சாப்பாடு அங்க. கோமளா பெத்த ஒரே பொண்ணு, நாலு வயசு இனியா, அதுவும் "பெரியம்மா, பெரியம்மா"ன்னு அங்கேயே ஓடிடுச்சு. கோமளாவுக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. தலை துவட்டலாம்னு பாத்தா அவளோட பச்சைத் துண்டையும் காணோம். 'அதையும் அவதான் எடுத்திருப்பா. அந்த நிழல்ல நான் காலே வைக்கமாட்டேன்'னு சபதம் போட்டுட்டா. எப்படியாவது பொண்ணைத் தன் பக்கம் இழுத்துரணும், அவளுக்கு அதான்.

அதனால மொத நாள், தன் வேன்ல ஒரு பட்டுச் சேலையைப் படுதா மாதிரி கட்டினா. காத்து வந்துச்சு. படபட படபட... சேலை ஆத்தோட போயிருச்சு.

ரெண்டாம் நாள் ஜமக்காளத்தைக் கட்டினா. கனம் தாங்காம கயிறு அறுந்து, கீழ உட்கார்ந்து இட்லி தின்னுக்கிட்டிருந்த வீட்டுக்காரன் தலையில தொப்! மனுசன் ஜமக்காளத்துக்குள்ளயே மிச்ச இட்லியையும் தின்னுட்டான்.

சிரிக்காத, கேளு. மூணாம் நாள், சீட்டுக்கு அடியில மடிச்சு வச்சிருந்த அவளோட கல்யாண பேனரை எடுத்துக் கட்டினா. நல்லா நின்னுச்சு! "வாடி இனியா, அம்மா வீட்டைப் பாரு"ன்னா. இனியா வந்து அண்ணாந்து பாத்துச்சு. மேல அம்மா மூஞ்சி, வண்டிச் சக்கரம் அளவுக்கு, பல்லை இளிச்சுக்கிட்டு. வீல்ல்னு ஒரு கத்து, பெரியம்மா மடியில போய்த்தான் நின்னுச்சு.

அப்போ கோமளாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. பாவம்தான். ஆனா பாவப்பட்டவளெல்லாம் நல்லதாவா செய்யறா?

மத்தியானம் எல்லாரும் குளிக்கப் போனாங்க. வானம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. கோமளா அந்தப் பக்கமாப் பூனை மாதிரி போய், தாழ்வா இருந்த காலை வெளியில நின்னபடியே உசத்தி விட்டுட்டு வந்து தன் வேன்ல உட்கார்ந்துக்கிட்டா.

சடசடசடன்னு மழை. படுதா நடுவுல தண்ணி தேங்கித் தேங்கி, தொப்பை மாதிரி தொங்குச்சு. 'நல்லா வேணும்! விழட்டும், பாயெல்லாம் நனையட்டும்'னு அவளுக்கு ஒரே குஷி. தொப்பை பெருசாச்சு. இன்னும் பெருசாச்சு. அப்போ பாத்தா, அதுக்கு நேர் கீழ, போர்வைக்குள்ள இருந்து ஒரு குட்டிக் கால்.

கொலுசு போட்ட கால்! இனியா குளிக்கப் போகாம அங்கேயே தூங்கிப் போச்சு!

சபதமாவது ஒண்ணாவது. தலைதெறிக்க ஓடினா. தொப்பையைத் தலையால முட்டுக்குடுத்துக்கிட்டு, கையை நீட்டி அந்த இரும்புக் காலைத் தாழ்த்தினா. தொபுக்கடீர்! குளம் மாதிரி தண்ணி மொத்தமும் அவ மேலயே கொட்டுச்சு. இனியா மேல ஒரு சொட்டு இல்ல.

இனியா கண்ணைக் கசக்கிக்கிட்டு எழுந்துச்சு. "வந்துட்டியாம்மா? இங்க உட்காரு"ன்னு பக்கத்துல தட்டிக் காட்டுச்சு. பாத்தா, பாய்மேல நீட்டா விரிச்சுக் கிடக்கு அந்தப் பச்சைத் துண்டு. பஸ்ல துண்டு போட்டு எடம் புடிப்பாங்கல்ல, அப்படி.

அதுக்குள்ள எல்லாரும் நனைஞ்சு ஓடி வந்துட்டாங்க. மாமியார், "மூணு நாளா உம் பொண்ணு என்னைக்கூட அதுல உட்கார விடலைடி. அம்மா எடமாம்"னாங்க.

சொர்ணம் நடுவுல இழுபட்டுத் தொங்கின படுதாவைப் பாத்தா, கோமளா கோலத்தைப் பாத்தா. "காலை யாரு ஏத்தினது?"

"நான்தான்க்கா. வயித்தெரிச்சல்"னா கோமளா, மூக்கை உறிஞ்சிக்கிட்டு.

சொர்ணம் அந்தப் பச்சைத் துண்டைத் திரும்பிப் பாத்தா. அப்புறம் சொன்னா: "எனக்கு மட்டும் இல்லையா? நானும் மூணு பெத்தேன். ஒண்ணாவது எனக்குன்னு ஒரு எடம் புடிச்சு வச்சுதா? மூணு நாளா அந்தத் துண்டைப் பாத்துப் பாத்து வெந்துக்கிட்டு இருக்கேன்டி. போ, உட்காரு."

கோமளா ஈரச் சேலையோட போய் அந்தத் துண்டு மேல உட்கார்ந்தா. இனியா அவ மடியில தலையை வச்சுத் திரும்பவும் தூங்கிருச்சு.

ம்?... 'ம்' சத்தத்தையே காணோமே. சரி சரி. மழையும் விட்டுச்சு, கதையும் விட்டுச்சு. நீ தூங்கு.