சோதனைப் பதிவு

"இடம் சுத்தமா இருக்கு டீச்சர். ஒரு வரிகூட வரமாட்டேங்குது" என்றார் மருதப்பன்.

ரஹ்மத்நிஸா திரையைப் பார்த்தார். வலைப்பூவின் முகப்பு அழகாக இருந்தது. அதன் கீழே ஒன்றும் இல்லை.

மருதப்பன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரஹ்மத்நிஸா அவரைவிட மிகவும் இளையவர். விருதுநகரில் ஒரு வாசகசாலையின் மாடியில், ஞாயிறுதோறும், வலைப்பூ எழுதக் கற்றுக்கொடுத்துவந்தார். அந்த வகுப்பில் முதலில் சேர்ந்தவர் மருதப்பன். பிறகு வந்தவர்கள் கற்றுக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மட்டும் வந்துகொண்டே இருந்தார்.

எழுதத் தொடங்குமுன் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வார்ப்புருவை மாற்றுவார். எழுத்துருவை மாற்றுவார். பக்கப்பட்டையை வலத்துக்கு நகர்த்துவார். அது பிடிக்காமல் மறுபடி இடப்பக்கத்துக்கே கொண்டுவருவார். எதை மாற்றினாலும் ஒரு சோதனைப் பதிவு போட்டுப் பார்ப்பார். அது வகுப்பில் சொல்லித்தந்த முறை.

உண்மையான பதிவு என்று ஒன்றை அவர் எழுதியதே இல்லை.

இப்போது அவருக்கு அவசரம். மனைவி பவளம் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. செய்தித்தாளில் படம் போட்டு நினைவஞ்சலி கொடுக்க நினைத்திருந்தார். மஸ்கட்டில் இருக்கும் மகள் வேண்டாம் என்றுவிட்டாள். அம்மாவைப் பற்றி நீங்களே எழுதுங்கள் அப்பா, நான் இங்கிருந்து படித்துக்கொள்கிறேன் என்றாள். அவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை நினைவு நாள்.

'பண்பின் சிகரம்' என்று ஆரம்பித்துப் பார்த்ததாகச் சொன்னார். 'இல்லத்தின் ஒளிவிளக்கு' என்றும் ஆரம்பித்துப் பார்த்தாராம். படித்தால் யாரோ ஒரு பெண்மணியைப் பற்றி எழுதியதுபோல இருந்ததாம்.

"அவங்க எப்படிப் பேசுவாங்க?" என்று கேட்டார் ஆசிரியை.

மருதப்பன் யோசித்தார்.

"நல்லாத்தான் பேசுவா."

ஆசிரியை பக்கத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். பிறகு, முன்பு இந்த வலைப்பூவில் நிறையப் பதிவுகள் இருந்தனவே என்று கேட்டார்.

"அதெல்லாம் சோதனைப் பதிவுதானே டீச்சர். ரெண்டு மூணு மாசம் முன்னாடியே எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

சொல்லும்போது குரலில் சிறிது பெருமிதம் இருந்தது. வேலை முடிந்ததும் சோதனைப் பதிவுகளை நீக்கிவிட வேண்டும் என்பதும் அந்த வகுப்பில் சொல்லித்தந்ததுதான். இவ்வளவு காலம் சோம்பலில் விட்டுவைத்திருந்தார். பவளத்தைப் பற்றி எழுதப்போகும் இடத்தில் குப்பை கிடக்கக் கூடாது என்று ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்து, ஒன்று விடாமல் துடைத்தெடுத்திருந்தார்.

"அதுல என்ன எழுதியிருந்தீங்க சார்?"

"நான் எங்க எழுதினேன்?" என்று சிரித்தார்.

அவர் வீட்டில் கணினி கூடத்தில் இருக்கிறது. உட்கார்ந்தால் இடப்பக்கம் சமையலறை வாசல். சோதித்துப் பார்க்க ஏதாவது அடிக்க வேண்டும். அவருக்கோ ஒன்றும் தோன்றாது. தலையைத் திருப்பி, ஏதாவது சொல் என்பார். பவளம் வாய்க்கு வந்ததைச் சொல்வாள். அதை அப்படியே அடித்து, எழுத்து எப்படி விழுகிறது என்று பார்ப்பார்.

"என்ன சொல்வாங்க?"

"உருப்படியா ஒண்ணும் இருக்காது டீச்சர். 'கேஸ் தீரப்போகுது, சொல்லி வைங்க'ம்பா. 'மழை இருட்டிக்கிட்டு வருது, கொடியில துணி கிடக்கு'ம்பா. நான் துணியை எடுக்காம, அதை டைப் பண்ணிக்கிட்டு இருப்பேன். ஒரு நாள், 'இத்தனை வருசமா மைக் டெஸ்டிங்தான் நடக்குது, கூட்டம் எப்பங்க ஆரம்பிக்கும்?'னு கேட்டா. அதையும் அப்படியே…"

நிறுத்திவிட்டார்.

கீழே வாசகசாலையில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"டீச்சர், குப்பைத்தொட்டியில கிடக்குமா?"

அழித்த பதிவுகள் சில காலம் அங்கே கிடக்கும். பிறகு தாமாகவே போய்விடும். ஆசிரியை அதைத் திறந்தார். காலியாக இருந்தது. மூடிவிட்டு, இன்னொரு முறை திறந்தார். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"நான்தான் அழிக்கச் சொன்னேன்" என்றார்.

"நீங்க சோதனைப் பதிவைத்தானே அழிக்கச் சொன்னீங்க" என்றார் மருதப்பன்.

இருவரும் அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆசிரியை புதிய பதிவு ஒன்றைத் திறந்தார். விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எழுத்து சரியா விழுதான்னு பாக்கணும். ஒரு சோதனைப் பதிவு போடுங்க சார்."

இப்போதா என்பதுபோல் அவர் ஏறிட்டுப் பார்த்தார். ஆசிரியையின் முகத்தில் மாற்றம் இல்லை. மருதப்பன் விரல்களை விசைகளின் மேல் வைத்தார். வழக்கம்போல ஒன்றும் தோன்றவில்லை. தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. அங்கே வாசகசாலையின் பழைய இரும்பு பீரோ நின்றது.

"பவளம், ஏதாவது சொல்லேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை டைப் பண்ணுங்க" என்றார் ஆசிரியை.